தம்பலகாமத்துத் தயிர்ச்சட்டி

ஆகஸ்ட் விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போனால் முதலில் தேடுவது தயிர்ச்சட்டியைத்தான். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலோரம் மேய்ந்த எருமைகளின் பால். காய்ச்சி, இளஞ்சூட்டில் உறைமோர் விட்டு, மண்சட்டியில் ஊற்றி அசையாமல் வைப்பார்கள். சட்டியின் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் கட்டியாக நிற்கும். கரண்டியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம். மேலே படியும் ஆடைக்காக மச்சான்மார் சண்டை பிடித்ததும் அதனால்தான். பிளாஸ்டிக் கோப்பையில் வருவதை நான் தயிர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. தயிருக்குக் கித்துள் பாணியா, சீனியா என்பதில் பெரியப்பாவும் மாமாவும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆதிகோணேச்சரக் கோயிலுக்குப் போய்வந்த மத்தியானங்களில் எத்தனை சட்டி இருந்தாலும் போதாது. அடுத்த தெருச் சொந்தமும் பாயில் வந்து உட்கார்ந்துவிடும். சின்னம்மா சோற்றில் வாழைப்பழமும் தயிரும் பிசைந்து ஆளுக்கொரு கவளம் உருட்டிக் கொடுப்பார்.