கணக்கேட்டின் மௌனம்

வணிகக் கணக்கேடும் விமர்சனத்திற்குரிய எழுத்தே. எதைப் பதிவது, எதை விடுவது என்பதில் அதற்கும் வர்க்கப் பார்வை உண்டு. அமெரிக்காவின் டோர்செஸ்ரரில், நெப்போன்செற் ஆற்றங்கரையில், ஜேம்ஸ் பேக்கரின் முதலுடன் ஜோன் ஹனன் 1765இல் சொக்லேட் அரைக்கத் தொடங்கினார். 1779இல் கொக்கோ வாங்க மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்ட ஹனன் மீளவில்லை என்பர். 1780 முதல் அத்தொழில் பேக்கர் குடும்பப் பெயரில் வளர்ந்தது.

இத்தகைய நிறுவனங்களின் வரலாறுகள் முன்னோரின் முயற்சியையே போற்றுகின்றன. ஆனால், அக்காலக் கரீபியன் தோட்டங்களில் கொக்கோ பறித்தோர் பெரும்பாலும் அடிமைகள். அவர்களுக்குக் கூலியில்லை, ஆகவே கூலிக்கணக்கில் இடமுமில்லை. ஆலைக்குத் தேவைப்பட்டவை கொக்கோவின் எடையும் விலையுமே. அவ்விலைக்குள் மறைந்த உழைப்பை வெளிக்கொணராத வாசிப்பு, முதலாளியின் கணக்கையே மீண்டும் எழுதுவதாகும்.