தோழி தலைவியை விரும்பினால்

ஆடி வெள்ளியில் ஆரணியிலிருந்து படவேட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ரேணுகாம்பாள் கதை அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்: தலையை வெட்டச் சொன்னவர் ஜமதக்னி, வெட்டியவன் பெற்ற மகன் பரசுராமன். நாட்டார் வழக்கில் நடுவே இன்னொருத்தியும் வருகிறாள். உயிருக்குத் தப்பி ஓடும் ரேணுகை ஒரு சேரிப் பெண்ணிடம் அடைக்கலம் கேட்கிறாள். அவள் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். கோடரி இரண்டு தலைகளையும் சேர்த்து வீழ்த்துகிறது. பிறகு உயிர் கொடுக்கும் அவசரத்தில் மகன் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறான். ஒருத்தி மாரியம்மன் ஆகிறாள், மற்றவள் எல்லையம்மன். யார் தலை யார் உடம்பில் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இது காதல் கதை இல்லை. அப்படிச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் தயாராகவும் இல்லை. ஆனால் மேலே இருப்பவளும் கீழே இருப்பவளும் கட்டிக்கொண்டால் அப்புறம் எதுவும் பழைய இடத்தில் இருக்காது என்பது இந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் ஃபேன்டஸி நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டிப்பிடிப்புதான் ஞாபகம் வருகிறது.

காரணம் இருக்கிறது. மலிண்டா லோவின் ‘ஆஷ்’ (2009) சிண்ட்ரெல்லா கதையின் மறுவடிவம். சிற்றன்னை வீட்டில் வேலைக்காரியாகிவிட்ட பெண், இளவரசனை விட்டுவிட்டு அரசனின் வேட்டைக்காரியிடம் மனதைக் கொடுக்கிறாள். சமந்தா ஷானனின் ‘தி ப்ரயரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ’ (2019) நாவலில் ராணி சப்ரானை ரகசியமாகக் காக்க வருகிற ஈட், அரண்மனைப் பணிப்பெண் வேடத்தில் வருகிறாள். சி.எல். கிளார்க்கின் ‘தி அன்ப்ரோக்கன்’ (2021) நாவலில் ஒருத்தி பேரரசின் இளவரசி, இன்னொருத்தி அதே பேரரசு சிறுவயதில் பிடித்துக்கொண்டுபோய்ச் சிப்பாய் ஆக்கிய காலனி நாட்டுப் பெண். பல்லக்கில் ஒருத்தி, தூக்குகிற தோள் இன்னொருத்தி. இந்த வகையின் மிகப் பெரிய பலம் இந்த மேடுபள்ளம்தான். அதன் பலவீனமும் அங்கேயே ஆரம்பிக்கிறது.

இதை நன்றாகப் பார்க்க நமக்குக் கிட்டத்தில் இருக்கும் நாவல் தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’. சூரி பஞ்சாபி வம்சாவளியில் வந்த பிரிட்டிஷ் எழுத்தாளர். 2021 ஜூனில் வெளிவந்த இந்த நாவல் மறு ஆண்டு உலக ஃபேன்டஸி விருதைப் பெற்றது. ‘தி ஒலியாண்டர் ஸ்வோர்ட்’ (2022), ‘தி லோட்டஸ் எம்பயர்’ (2024) என்று தொடர்ந்து மூன்று பாகமானது. கதை நடக்கும் பரிஜாதத்வீபம் கற்பனை நாடு. ஆனால் பெயர்கள், உடைகள், கோயில்கள் எல்லாம் இந்தியச் சாயல்.

தீயில் இறங்க மறுத்தவள் இளவரசி மாலினி. பெண்களை எரித்தால் நாடு தூய்மையாகும் என்று நம்புகிற அவள் அண்ணன், சக்கரவர்த்தி சந்திரன், அவளைத் தொலைதூரத்தில் பாழடைந்த ஹிரணக் கோயிலில் அடைத்து வைக்கிறான். அங்கே கூட்டிப் பெருக்க வருபவள் ப்ரியா. அந்தக் கோயிலிலேயே வளர்ந்து, அங்கிருந்தவர்களை எரித்தபோது தப்பிய குழந்தை அவள். தன் மந்திர சக்தியை மறைத்துக்கொண்டு வேலைக்காரியாக வாழ்கிறாள். காவலுக்கு இருப்பவள் மாலினிக்கு மதுவில் ஒரு நஞ்சைக் கலந்து கொடுத்துவருகிறாள். பழகிவிட்ட உடம்பு, சட்டென்று நிறுத்தினாலும் தாங்காது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கும் வேலை ப்ரியாவின் கைக்கு வருகிறது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காதல் வசனம் ஒன்றும் இல்லை. ஒருத்தி கையில் கிண்ணம், இன்னொருத்தி உயிர் அந்தக் கிண்ணத்தில். குடிப்பவள் இளவரசி என்றாலும் அதிகாரம் ஊற்றுகிறவளிடம். அதே சமயம் ப்ரியாவின் ரகசியம் மாலினிக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டால் ப்ரியா தொலைந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்கிறார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். இந்தச் சந்தேகத்துக்குள்ளே காதலை முளைக்க விட்ட துணிச்சலுக்காகவே சூரியைப் பாராட்டலாம்.

அகப்பாட்டு படித்த கண்ணுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது. தலைவி உருகுவாள், தோழி பேசுவாள். செவிலியின் மகள் அவள். தலைவனை வரவிடுவது, திருப்பி அனுப்புவது, வீட்டாருக்கு விஷயத்தை உடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கென்று ஒரு ஆசை உண்டா என்று இலக்கணம் கேட்டதில்லை. சூரி அதைத்தான் கேட்கிறார், நம் இலக்கணத்தை நினைத்துக் கேட்கவில்லை என்றாலும்.

தீ விஷயமும் அப்படியே. பூதப்பாண்டியன் இறந்ததும் பெருங்கோப்பெண்டு சான்றோர் தடுத்தும் கேளாமல் தீப்புகுந்ததைப் புறநானூறு போற்றுகிறது. மணிமேகலையில் ஆதிரை தீயில் இறங்க, தீ அவளைச் சுடாமல் விட்டுவிடுகிறது. கணவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கும் அவள் கற்புக்கும் அதுவே சாட்சி. இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்தை முதலீடாகப் போட்டு அரசியல் பண்ணுகிற பெண்ணை அங்கே காணோம். கல்கியின் குந்தவையிடம் அந்தச் சூழ்ச்சித் திறம் உண்டு, நந்தினியிடம் அந்தக் கோபம் உண்டு. மாலினி இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறாள். அவளை நல்லவள் ஆக்க ஆசிரியர் சிரமப்படவில்லை.

குறைகள்? முதல் பாதி நகர மறுக்கிறது. பலர் பார்வையில் அத்தியாயங்கள் மாறிக்கொண்டே வருவதால் சூடு பிடிக்கிற நேரத்தில் கதை வேறு ஊருக்குப் போய்விடுகிறது. சந்திரன் வெறும் கொடுங்கோலன். அவன் நம்பிக்கை எப்படி அத்தனை பேரைப் பிடித்தது என்று புரிந்திருந்தால் பயம் கூடியிருக்கும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் காதலிகள் வெகுதூரம் பிரிந்தே இருக்கிறார்கள். ஏக்கம் வளர்கிறது, உறவு வளரவில்லை. இவை எல்லாம் தொழில் குறைகள்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தியச் சாயலில் ஒரு உலகத்தைக் கட்டிவிட்டு, சாதியைக் கதையை நகர்த்தும் விசையாக வைக்காமல் விட்டது எப்படி? பேரரசும் அடிமை நாடும் இருக்கின்றன, எஜமானியும் வேலைக்காரியும் இருக்கிறார்கள். ஆனால் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இல்லை. அதனால் ப்ரியாவின் தாழ்வு அரசியல் தாழ்வாக மட்டும் நிற்கிறது. மந்திர சக்தி கூடினால் தானாகக் கரைந்துவிடுகிறது. படவேட்டுக் கதையில் அது கரையவில்லை, வெட்டுப்பட்டு மாறிப்போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் பாகத்தின் முடிவில் ப்ரியா தான் காதலித்தவள் மேலேயே கத்தியைப் பாய்ச்சும்போதுதான் அந்த மேடுபள்ளம் திரும்பத் தலை காட்டுகிறது.

மும்பையில் 1941-இல் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்துவிட்டு வெளிநாடு போன சுனிதி நாம்ஜோஷி இதை வெகு காலத்துக்கு முன்பே வேறு விதமாகக் கையாண்டார். ‘தி கான்வர்சேஷன்ஸ் ஆஃப் கவ்’ (1985) நாவலில் பத்ராவதி என்ற பசு வருகிறது. அது பிராமணப் பசு, பெண்களை விரும்பும் பசு. சாதியையும் காதலையும் ஒரே கேலியில் கட்டிப்போட்டார். ‘தி மதர்ஸ் ஆஃப் மாயா தீப்’ (1989) பெண்களே ஆளும் தீவைக் காட்டி, அங்கேயும் அதிகாரம் அதிகாரம்தான் என்று சிரிக்கிறது. நாம்ஜோஷியிடம் நெஞ்சை அடைக்கும் காதல் கிடையாது. சூரியிடம் அந்தச் சிரிப்பு கிடையாது. 

தமிழில் இந்த வகையில் நாவல் என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. சரக்கு இல்லாமல் இல்லை. அல்லி அரசாணி மாலை பெண் அரசை முழுசாகக் கட்டிக் காட்டுகிறது. அப்புறம் பாம்பு வடிவில் அர்ச்சுனனை உள்ளே விட்டு, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்ட வைக்கிறது. சொல்லும் வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சூரியின் நாவல் வந்த அதே 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு சொற்களஞ்சியம் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ‘க்வியர்’ என்பதற்கு ‘பால்புதுமையர்’ அரசாங்கச் சொல் ஆயிற்று.

எங்கள் தெருவில் கோர்வைச் சேலை நெய்கிற ஒரு பெண்ணிடம், அவள் தறியில் இருந்தபடியே கேட்க, மாலினி கதையைச் சொன்னேன். கரையில் ஒரு நிறம், உடலில் ஒரு நிறம். நாடா போய்ப் போய் வந்தது. இரண்டு பெண்கள் என்பதற்கு அவள் நிமிரக்கூட இல்லை. கடைசியில்தான் கேட்டாள்:

“அது சரிக்கா, அந்த வேலைக்காரப் பொண்ணுக்குச் சம்பளம் யாரு குடுத்தது? ராஜகுமாரியா?”

“இல்லை. ஊரை ஆளுகிற தளபதி வீட்டுச் சம்பளம்.”

“அப்பச் சரி,” என்று சொல்லிவிட்டு அறுந்த இழையை முடிய ஆரம்பித்தாள்.