துண்டுச் சீட்டும் துண்டுப் பிரசுரமும்

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உடைமையாகக் கொண்டோரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் சார்ல்டன் மக்கில்வெய்ன் 2019இல் வெளியிட்ட 'பிளாக் சொஃப்ட்வெயர்' என்னும் நூல் இப்போக்குக்குத் தக்க மறுப்பாகும். கணினி வலையமைப்புகளை வளர்த்தெடுத்த கறுப்பின மக்களின் மறக்கப்பட்ட பங்கினை அது மீட்டுத் தருகிறது. 1960களிலிருந்து அதே கணினி அம்மக்களைக் கண்காணிக்கும் பொலிஸ் கருவியான கதையையும் கூறுகிறது. ஒரே கருவி ஒருவர் கையில் விலங்கு. மற்றவர் கையில் விடுதலைச் சாதனம்.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. கொடகவெலத் தோட்டங்களில் நின்று நோக்குவோர், கணினிக்குப் பதிலாகக் காகிதத்தை வைத்து இதனைப் புரிந்துகொள்ளலாம். மலையகத் தொழிலாளியின் வாழ்வை முதலில் ஆண்ட எழுத்து 'துண்டு' என்னும் சீட்டேயாகும். கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று துரைமார் எழுதிய அச்சீட்டு, ஆளையும் கடனையும் ஒருசேரத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிற்று. 1921இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது.

பின்னர் அதே காகிதம் வேறு பணியை மேற்கொண்டது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் அதன் ஆசிரியப் பொறுப்பிலும் பங்கேற்றார். தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என நூலாக அச்சிட்டார். சங்கத்தார் தோட்டத்துள் கால்வைப்பதே அத்துமீறல் எனப்பட்ட காலம் அது. ஆள் நுழைய இயலாத லயத்துக்குள் பாட்டு நுழைந்தது. படித்தவர் ஒருவர் பாட, படிக்காதவர் பலர் மனங்கொண்டனர். அச்சும் செவியும் இணைந்த இதனைத் தொழிலாளரின் வலையமைப்பு என்பதில் தவறென்ன?

ஆயினும் நமது இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இதனைப் 'பிரசாரம்' என ஒதுக்கினர். அரசவைப் புலவரின் துதிப்பாடல் இலக்கியமாம். கூலிக்காரியின் குறையைச் சொன்ன பாடல் பிரசாரமாம்! இது கலையின் அளவுகோலா, வர்க்கத்தின் அளவுகோலா? சாரல்நாடன் போன்றோர் முயன்று தேடியிராவிடில் இவ்விருவரின் பணியும் முற்றாக மறைந்திருக்கும். அவ்வாறு மீட்கப்பட்ட வரலாற்றிலும் ஒரு குறை உண்டு. தலைவர்களின் பெயர்கள் கிடைத்தன. பாட்டை மனத்திற் சுமந்து லயந்தோறும் சேர்த்த தொழிலாளரின் பெயர்கள் கிடைக்கவில்லை.

மேலும், மலையகம் என்றதும் ஹட்டனையும் நுவரெலியாவையும் எண்ணுவோர், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் சப்ரகமுவத் தொழிலாளரை எளிதில் மறந்துவிடுகின்றனர். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் மேலும் பலரை விரட்டின. மனிதர் பெயரும்போது அவர்தம் நினைவுகளும் காகிதங்களும் உடன்பெயர்கின்றன, அல்லது அழிகின்றன.

எனவே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. எஞ்சியுள்ள சங்கத் துண்டுப் பிரசுரங்களைத் தேடுங்கள். முதியோரின் பாடல்களைப் பாடியவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். கடனாளியின் பெயரைத் துண்டுச் சீட்டு மறவாமல் எழுதிவைத்தது. பாடியவரின் பெயரை நாம் எழுதிவைக்க வேண்டாமா?