கொழுந்தும் செம்மண்ணும்: வர்ணப் பாடம் பற்றி

சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் மூல வர்ணங்கள். மற்றவை இவற்றின் கலவை. வர்ணச் சக்கரத்தைக் காட்டி இதை மனனம் செய்வித்துவிட்டால் பாடம் முடிந்ததெனக் கருதும் ஆசிரியர் பலர். மாணவன் சக்கரத்தைக் கற்கிறான், பார்க்கக் கற்பதில்லை.

வர்ணங்களின் உறவு பற்றிய அறிவுக்குத் தொழிற்கூடமும் ஒரு தாய்வீடு. பாரிஸ் நகரின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ரசாயன அறிஞர் செவ்ரூல், கறுப்பு நூல் வலுவற்றுத் தோன்றுகிறதென்ற முறையீட்டை ஆராய்ந்தார். குற்றம் சாயத்தில் இல்லை. அயலிலிருந்த நீலத்திலும் ஊதாவிலும் இருந்தது! இவ்வாராய்ச்சியின் விளைவே அவரது 1839ஆம் ஆண்டு நூல். 1963இல் ஜோசப் ஆல்பர்ஸ் தம் நூலில் இதனைப் போதனா முறையாகவே வளர்த்தார்: முதலில் அனுபவம், பின்னரே கோட்பாடு. சாயக் குழம்பினும் வர்ணக் காகிதத் துண்டுகளையே அவர் விரும்பினார். உதிர்ந்த இலைகளையும் பயன்படுத்தினார்.

மடுல்கெல்லையில் இலைக்குப் பஞ்சமா? ஒரே தேயிலைக் கொழுந்தை முற்றிய இலைமீது வைத்தால் மஞ்சள் பாரித்துத் தோன்றும். செம்மண்மீது வைத்தால் பச்சை துலங்கும். வர்ணப்பெட்டி வாங்க வழியற்ற பிள்ளையும் இதைச் செய்து பார்க்கலாம்.

கரும்பச்சைச் செடியில் இளம்பச்சையை நொடியில் பிரித்தறிந்து கொய்கிறாள் அப்பிள்ளையின் தாய். அக்கண்ணின் தேர்ச்சியை வெறுங் கூலிவேலையென ஒதுக்கி, அச்சிட்ட சக்கரத்தைக் கலையென உயர்த்துவது நியாயமாகுமா? வர்ணம் வர்ணத்தோடு கொள்ளும் உறவோடு ஆல்பர்ஸ் நின்றுவிடுகிறார். வர்ணம் உழைப்போடு கொள்ளும் உறவை நம் ஆசிரியர்களே பாடத்திற் சேர்க்க வேண்டும்.