லாகின் வந்தால் போதுமா?

பழைய பிசியில் யூனிக்ஸ் வகை சிஸ்டம் ஏற்றுபவர்கள் கடைசியில் போடும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: கருப்புத் திரை, அதில் லாகின் என்று ஒரு வரி. "ஓடிடுச்சு!" சந்தோஷம்தான். ஆனால் ஓடுவது எது என்று கேட்க வேண்டாமா?

மினிக்ஸை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ டானென்பாம் 1987இல் தன் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டது. 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 சிப் வைத்த ஐபிஎம் பிசியிலேயே ஓடும். ஃபைல்களைக் கவனிக்க ஒரு தனி ப்ராசஸ், மெமரியைக் கவனிக்க இன்னொன்று. இரண்டும் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். கர்னல் சின்னது. ஒரு பகுதி கெட்டாலும் மற்றதைக் கெடுக்காது என்பதுதான் இந்த மைக்ரோகர்னல் வடிவத்துக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம்.

இடிப்பது இங்கேதான். 8088இல் மெமரி பாதுகாப்பு என்று ஒன்றுமே கிடையாது. எந்த ப்ரோக்ராமும் செக்மென்ட் ரெஜிஸ்டரை மாற்றிக்கொண்டு, இருக்கிற மெமரியில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், கர்னல் மேலேயே எழுதலாம். தடுக்க ஆளில்லை. வீட்டை அறை அறையாகப் பிரித்தார்கள், ஆனால் சுவர் எழுப்பவில்லை. சாக்பீஸால் கோடு போட்டார்கள், அவ்வளவுதான்.

சுவர் 1985இல் வந்த 386 சிப்பில் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியது அதன் மேல்தான். ஒரே பெரிய கர்னலாக எழுதுவது பழைய பாணி என்று 1992இல் டானென்பாம் அவரோடு வாதிட்டார். கோட்பாட்டளவில் டானென்பாம் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை 8088 மினிக்ஸால் நிரூபிக்க முடியாது. அதற்கான வன்பொருளே அதில் இல்லையே!

அப்படியானால் இன்று அதை ஏன் ஓட்ட வேண்டும்? என்னைக் கேட்டால், படிக்கத்தான். சுமார் 12,000 வரி சி நிரல் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. ஒரு மாணவர் உட்கார்ந்தால் முழுதாகப் படித்துவிடலாம். ஃபோர்க் அழைத்தால் ப்ராசஸின் டேட்டா மொத்தமும் நகலாவதை அதில் வரிவரியாகப் பின்தொடரலாம். இன்றைய லினக்ஸில் இதை யாராவது ஒரு பருவத்தில் செய்து முடிப்பார்களா?

ஆகவே லாகினோடு நிறுத்துவது பாதி வேலைதான். ஷெட்யூலரில் ஒரு வரியை மாற்றுங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள், என்ன ஆகிறது என்று பாருங்கள். படம் போடும்போது அந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.