பிதாவின் அன்பும் சகோதரனின் இடமும்

தமிழ்ச் சபைகளில் ஜெபம் பெரும்பாலும் 'தகப்பனே' என்றோ 'அப்பா பிதாவே' என்றோதான் தொடங்குகிறது. ஞாயிறு ஆராதனையோ உபவாசக் கூட்டமோ, கடவுள் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று மனம் தேறுவதே விசுவாசத்தின் முதல் பாடம். இறைவனை அப்பன் என்று அழைப்பது இம்மண்ணுக்குப் புதிதுமல்ல. சைவத் திருமுறைகளில் சிவன் அப்பனும் அம்மையுமாகப் பாடப்பட்டவன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கியபோது, கடவுளைத் தந்தையாகக் கொள்ளும் உறவுமுறை இங்குள்ளவர்களுக்கு அந்நியமாக ஒலித்திருக்காது. இந்த நம்பிக்கையின் பலம், தகுதி பார்ப்பதற்கு முன்பே ஏற்பு வந்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. அந்த ஏற்பை அவரவர் தனிச்சொத்தாக்கிக்கொள்ளும்போது அது கெட்டுப்போகிறது.

பலத்தை அறிய லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கெட்ட குமாரன் உவமையைச் சற்று நெருங்கி வாசிக்க வேண்டும். தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுப் பன்றிகளை மேய்த்த இடத்திலேயே இளைய மகன் தான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துவிடுகிறான்: பாவம் செய்தேன், பிள்ளை என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும். ஆனால் தூரத்தில் கண்டதுமே ஓடிவந்து முத்தமிட்ட தகப்பன் முன்னால், கூலிக்காரன் என்ற கடைசிப் பகுதியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் வந்துவிடுகின்றன. கூலி பேசித் திரும்பவும் வீட்டுக்குள் நுழையலாம் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. மதிப்பெண்ணும் சம்பளமும் வைத்தே மனிதரை எடைபோடும் சமூகத்தில் இந்த உறுதி பெரிய விடுதலை. இப்படி இலவசமாக ஏற்றுக்கொண்டால் மனிதன் பொறுப்பற்றுப் போவானே என்பார்கள். பவுலே ரோமர் 6ஆம் அதிகாரத்தில் இதே கேள்வியை எழுப்பி மறுத்திருக்கிறார். உவமையிலும் அழித்த சொத்து திரும்பி வருவதில்லை. மீதியெல்லாம் மூத்தவனுக்கே என்று தகப்பன் தெளிவாகச் சொல்கிறார். மன்னிப்பு விளைவுகளைத் துடைத்துவிடுவதில்லை.

நடைமுறையில் இந்த நம்பிக்கை முதலில் சறுக்குவது சாட்சி நேரத்தில். வேலை கிடைத்தவர், விசா வந்தவர், குழந்தை பிறந்தவர் எழுந்து தகப்பனின் அன்பைச் சொல்கிறார்கள். கிடைக்காதவர் அமர்ந்தே இருக்கிறார். நன்மை வந்ததே அன்பின் சான்று என்றால், வராதவர் தன்னைப் பிதா தள்ளிவிட்டார் என்றுதானே முடிவுகட்டுவார்? 1927இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் மதத்தை, பாதுகாக்கும் தந்தைக்கான குழந்தையின் ஏக்கமாகக் கண்டு விமரிசித்தார். கேட்டதைக் கொடுப்பவரே தகப்பன் என்று போதிக்கும் மேடைகள் அந்த விமரிசனத்தை மெய்யாக்கிக்கொண்டிருக்கின்றன. சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு 'அப்பா பிதாவே' என்றுதான் அழைத்தார், ஆனாலும் துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை. அந்தத் தகப்பன் வெறும் ஆசையின் கற்பனையாக இருந்தால் அந்த இரவு வேறுவிதமாக முடிந்திருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனையும் குடும்பத்தைக் கைவிட்டுப் போன தகப்பனையும் மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்த உறவுமுறை ஆறுதல் தருமா? பெற்றோருக்குக் கீழ்ப்படியாதவனைக் கர்த்தர் தண்டிப்பார் என்ற மிரட்டலும் சேர்ந்தால் ஆறாத புண்தான் கிளறப்படும். இங்கே வேதமே கைகொடுக்கிறது. மத்தேயு 7ஆம் அதிகாரம் பூமியின் தகப்பன்மார் பொல்லாதவர்கள் என்று ஒப்புக்கொண்டுதான் பேசுகிறது. தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிறது 27ஆம் சங்கீதம். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று ஏசாயாவில் கடவுளே சொல்கிறார். ஆகவே வீட்டுத் தகப்பனை வைத்துக் கடவுளை அளக்கக் கூடாது. கடவுளை வைத்துத்தான் வீட்டுத் தகப்பனை அளக்க வேண்டும். காயப்பட்டவர் வேறு பெயரால் ஜெபித்தால் சபை அதைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அதே உவமையின் மூத்த குமாரனிடம் தெரிகிறது. திரும்பி வந்தவனைத் தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உம்முடைய மகன் என்றே தகப்பனிடம் குறிப்பிடுகிறான். தகப்பனோ வெளியே வந்து அவனையும் கெஞ்சி, வந்திருப்பவன் உன் சகோதரன் என்று திருத்துகிறார். பிதாவின் ஏற்பை நம்புவது என்றால் அவர் ஏற்றவரைத் தானும் ஏற்பது. 1 யோவான் 4ஆம் அதிகாரம் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. தமிழகத்துக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பகுதி இன்னும் பிரிந்தே கிடக்கிறது. ஒரே பரமபிதாவைக் கூப்பிட்டவர்கள் மண்ணுக்குள்ளும் சேர்ந்து படுக்க அனுமதியில்லை. நம்பிக்கை தனிமனித ஆறுதலோடு நின்றுபோனதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே தகப்பனின் அன்பைப் பிரசங்கிக்கும் எந்தச் சபையும் முதலில் தன் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரை இடிக்கட்டும். அதுவரை அதன் 'அப்பா பிதாவே' பாதி ஜெபம்தான்.