கேட்போரும் ஓர் உறுப்பு: ‘காதலிக்க நேரமில்லை’ திரைப்படத்தில் டி.எஸ். பாலையாவின் நடிப்பு

முன்னுரை

ஸ்ரீதர் இயக்கத்தில் 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’, தமிழ் நகைச்சுவைத் திரைப்படங்களுள் முதன்மையான ஒன்று. தான் எடுக்க விரும்பும் படத்தின் கதையை மகன் செல்லப்பா தந்தை விசுவநாதனுக்குச் சொல்லும் காட்சி இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. அது பெரும்பாலும் ‘நாகேஷ் கதைசொல்லும் காட்சி’ என்றே வழங்குகிறது. அப்பெயரிலேயே கேட்பவர் மறைந்துவிடுகிறார். தந்தையாக நடித்த டி.எஸ். பாலையாவைப் பாராட்டுவோரும் அவர் நாகேஷுக்கு நன்கு ஈடுகொடுத்தார் என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். ஈடுகொடுத்தல் இரண்டாமிடத்திற்குரிய பாராட்டு. அக்காட்சியின் நகைச்சுவை நிகழும் இடமே பாலையாதான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

எழுத்தில் மறையும் நடிப்பு

தமிழ்த்துறைகளில் திரைப்படத்தை ஆராயும்போது உரையாடலை எழுத்தில் பெயர்த்துக்கொண்டு தொடங்குவது நம் வழக்கம். இக்காட்சியை அவ்வாறு பெயர்த்தெழுதியபோது செல்லப்பாவின் கூற்று பக்கத்தை நிரப்பியது. விசுவநாதனின் பங்காக ஒருசில சொற்களே எஞ்சின. எழுதியதைத் திரும்பப் படித்தபோது நகைப்புத் தோன்றவில்லை. இருட்டு, தனிமை, அச்சமூட்டும் ஒலிகள் எனச் செல்லப்பா அடுக்குவன யாவும் திகில் கதைகளில் பழகிப்போனவையே. திரையில் அதே காட்சி ஒவ்வொரு முறையும் சிரிக்க வைக்கிறது. நாகேஷின் குரலும் உடலசைவும் அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றை நாம் நேராகப் பெறுவதில்லை; பாலையாவின் முகத்தின் வழியாகப் பெறுகிறோம். எழுத்துப்படியில் வெற்றிடமாக நின்ற பகுதியே திரையில் காட்சியைத் தாங்குகிறது.

தொல்காப்பியம் காட்டும் வழி

இவ்வெற்றிடத்தை விளக்கும் கருத்தாக்கம் நம் இலக்கண மரபிலேயே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுறுப்புகளை எண்ணும்போது கூற்றை அடுத்துக் கேட்போரைத் தனியுறுப்பாக வைக்கிறது. அது செய்யுள் நோக்கிச் சொல்லப்பட்டது; நடிப்பை விளக்க எழுந்ததன்று. ஆயினும், சொல்பவரோடு கேட்பவரும் சேர்ந்தே சொல்லின் பொருளை நிறைவு செய்கின்றனர் என்னும் அதன் உள்ளீடு இங்குப் பொருந்துவதே.

மெய்ப்பாட்டியல் உரையில் பேராசிரியர் ஒவ்வொரு சுவைக்கும் நான்கு நிலைகளைக் காட்டுவார்: சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல். இக்காட்சியில் செல்லப்பா தருவது முதல் நிலையாகிய பொருளை மட்டுமே. செவியுணர்வும் உள்ளக் குறிப்பும் மெய் வேறுபாடும் ஆகிய ஏனைய மூன்றும் பாலையாவிடமே நிகழ்கின்றன. தொடக்கத்தில் மகனை ஒரு பொருட்டாக மதியாத தந்தையின் அலட்சியம், பிறகு தன்னை அறியாமல் கூர்மையாகும் செவி, விரியும் விழி, இறுகும் உடல் என அம்மாற்றம் படிப்படியாக வளர்கிறது. ஒரு படியையும் அவர் தாண்டிச் செல்வதில்லை.

அச்சம் பிறக்கும் களன்களுள் அணங்கையும், நகை பிறக்கும் களன்களுள் மடனையும் தொல்காப்பியர் வைக்கிறார். பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என உரைகாரர் விளக்குவர். செல்லப்பா சொல்வதை மெய்யென்று பற்றிக்கொள்வதால் விசுவநாதனுக்கு அச்சம் பிறக்கிறது. அவர் அவ்வாறு பற்றிக்கொள்வதைக் காண்பதால் நமக்கு நகை பிறக்கிறது. ஒரே உடம்பு அவருக்கு அச்சத்தையும் நமக்கு நகையையும் ஒருசேர விளைவிக்கிறது. பாலையா நம்மைச் சிரிக்க வைக்க முயல்வதாகச் சிறிதளவு தோன்றினாலும் இவ்வமைப்புக் குலைந்துவிடும். அவர் அஞ்சுவதை மட்டுமே செய்கிறார். ‘சதிலீலாவதி’ (1936) தொடங்கிப் பல படங்களில் எதிர்மறைப் பாத்திரங்களில் தோன்றியவர் அவர். பிறரை அச்சுறுத்திப் பழகிய முகத்தில் அச்சம் படிவதும் நகைக்கு வலுச்சேர்க்கிறது.

கதைக்குள் காட்சியின் இடம்

இக்காட்சியை முதன்மைக் கதையிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க நகைச்சுவைத் துணுக்காகக் கொள்வதும் மறுபரிசீலனைக்குரியது. வாசு முதியவராக வேடமிட்டு, அசோகனின் செல்வத் தந்தையாக நடிப்பதும் அதனை விசுவநாதன் நம்புவதுமே படத்தின் முதன்மைச் சிக்கல். முத்துராமனின் ஒட்டுத்தாடியைப் பார்வையாளர் எவரும் நம்பப் போவதில்லை. விசுவநாதன் நம்புவார் என்பதை நாம் நம்பினாலே போதும். அந்நம்பிக்கையைப் பாலையாவின் நடிப்பு ஈட்டித் தருகிறது. செல்வம் என்ற சொல் செவியில் விழுந்ததும் ஆராய்வதை விட்டுவிடுபவர். மகனுக்குப் படமெடுக்கப் பணம் தர மறுத்தாலும் அவன் கதையில் தன்னை இழப்பவர். இரண்டும் ஒரே குணத்தின் இரு வெளிப்பாடுகள். கதைசொல்லும் காட்சி, படம் முழுவதையும் இயக்கும் மடனைத் தனியே எடுத்துக்காட்டுகிறது.

கேட்டலை நடித்தல் பாலையாவுக்கு இப்படத்தில் மட்டும் வாய்த்ததன்று. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஏமநாத பாகவதரின் செருக்கு, விறகுவெட்டியின் பாடலைக் கேட்கும்போதே அழிகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் அவர் ஏற்ற தவில் கலைஞர் பாத்திரமோ நாகசுரத்தைக் கேட்டு விடைதருவதையே தொழிலாகக் கொண்டது. சில ஆண்டுகள் இடைவெளிக்குள் வெளிவந்த இம்மூன்று படங்களையும் சேர்த்து நோக்குகையில், அச்சம், தோல்வி, தோழமை என வெவ்வேறு வகையான கேட்டலை வேறுபடுத்தி நடித்த ஒரு கலைஞர் புலப்படுகிறார்.

முடிவுரை

பாலையா முற்றிலும் மறக்கப்பட்டவர் அல்லர். அவர் பெயரை அறியாதார் சிலரே. கவனிக்கப்படாதது அவர் செய்த செயல். பேச்சையே நகைச்சுவையின் உயிராகக் கொள்ளும் ஆய்வுமுறை, பேசாதிருந்து நடித்தவரைத் துணைநடிகர் என்ற வகைக்குள் ஒதுக்கிவிடுகிறது. நாகேஷின் மேதைமையைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்மேதைமை யாருடைய முகத்தில் நிறைவுற்றது என்பதைச் சுட்டுவதே நோக்கம். திரைக்காட்சிகளை எழுத்தில் பெயர்க்கும் ஆய்வாளர், கூற்றுக்கு ஒதுக்கும் இடத்தைக் கேட்போருக்கும் ஒதுக்குவாராயின், தமிழ்த் திரைநடிப்பின் வரலாற்றில் இன்னும் பல துணைநடிகர்கள் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.